பேட்ஜ் நம்பர் பிறப்புச் சான்றிதழ் அல்ல



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய டிரம்மின் மேல் இருக்கும் பேட்ஜ் நம்பரை மட்டும் பார்த்துவிட்டு, "இது இந்த வருஷத்தில் செய்தது" என்று அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். அவர் விற்கிறவராக இருந்தால், அந்த வருஷத்துக்காக ஒரு பைசாகூட அதிகம் கொடுக்காதீர்கள்.

எதற்கு இந்தத் திடீர் கோபம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன மாதம் ஒரு படம் போட்டிருந்தான். (பெயர் வேண்டாம். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) கறுப்பு முத்துச்சிப்பி நிறத்தில் பளபளக்கும் டிரம் செட். கீழே, "1964 லுட்விக். வாழ்நாள் கனவு" என்று எழுதியிருந்தான். நம் பள்ளி பேண்டில் சைட் டிரம் வாசித்த பையன். நானும் மகிழ்ந்து வாழ்த்துச் சொன்னேன். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "1964 என்று எப்படித் தெரியும் தம்பி?"

"பேட்ஜில் நம்பர் இருக்கிறது சார். விற்றவர் இணையத்தில் இருக்கிற அட்டவணையைக் காட்டினார். நம்பர் 1964இல் விழுகிறது" என்றான். அந்த ஒரு வருஷத்தின் பெயரைச் சொல்லியே, அதே மாதிரி வேறு செட்டுக்குச் சொன்ன விலையைவிட ஆயிரத்து ஐந்நூறு டாலர் கூடுதலாக வாங்கியிருக்கிறார் விற்றவர்.

"உள்ளே திறந்து பார்த்தாயா?" என்று கேட்டேன். உடனே அவனுடைய நண்பர்கள் நாலைந்து பேர் கீழே வந்துவிட்டார்கள். "நம்பர் இருக்கும்போது உள்ளே என்ன பார்ப்பது?" என்றார் ஒருவர். "அட்டவணை உலகம் பூராவும் ஒத்துக்கொண்டது" என்றார் இன்னொருவர். "சார், உங்களுக்கு டிரம்மைப் பற்றி என்ன தெரியும்?" என்று மூன்றாமவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பல வருஷம் பள்ளி பேண்ட் என் பொறுப்பில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு, என் அக்கா மகன் பழைய டிரம்களைச் சேர்க்க ஆரம்பித்ததால் அவனுக்குத் துணையாக நானும் இதைப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த அளவே போதும், இந்த நம்பர் வழிபாடு எவ்வளவு ஓட்டையானது என்று காட்ட.

முதலில், ஏன் எல்லோருக்கும் 1964 வேண்டும் என்று பார்ப்போம்.

1964 பிப்ரவரி 9ஆம் தேதி பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றியது. ஏழு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்த நிகழ்ச்சி. பின்னால் உயரத்தில் உட்கார்ந்திருந்தவர் ரிங்கோ ஸ்டார். அவர் முன்னால் கறுப்பு முத்துச்சிப்பி நிற டிரம். அதன் முகத்தில் லுட்விக் என்ற பெயர். மறுநாளிலிருந்து அமெரிக்காவில் எத்தனையோ பையன்களுக்கு அதே டிரம் வேண்டியிருந்தது. சிகாகோவில் இருந்த லுட்விக் தொழிற்சாலை ஆர்டர்களைச் சமாளிக்க இரவு பகலாக ஓடியது. அன்றிலிருந்து 1964 என்பது அந்தச் சந்தையில் மந்திர எண் ஆகிவிட்டது. ரிங்கோ லுட்விக் வாசிக்க ஆரம்பித்தது 1963இலேயே என்பதை இந்த மந்திரவாதிகள் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அவருடைய அந்த முதல் லுட்விக் செட் 2015இல் ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. அப்படிப்பட்ட சந்தையில் ஒரு வருஷம் என்பது வெறும் வருஷம் அல்ல, பணம். எங்கே பணம் இருக்கிறதோ அங்கே, "தோராயமாக" என்ற சொல் முதலில் காணாமல் போகும்.

சரி, அந்த நம்பரின் கதைக்கு வருவோம்.

லுட்விக் கம்பெனியின் பேட்ஜ் 1960களில் கீஸ்டோன் வடிவத்தில் இருந்தது. அதாவது கல் வளைவின் உச்சியில் வைக்கும் ஆப்புக் கல் மாதிரி, மேலே அகலம், கீழே குறுகல். 1960 வாக்கில் வந்த இந்தப் பேட்ஜில் முதலில் நம்பரே கிடையாது. 1963இன் கடைசியில்தான் நம்பர் போட ஆரம்பித்தார்கள். ஆக, நம்பர் உள்ள கீஸ்டோன் பேட்ஜ் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறது: "நான் 1963 கடைசிக்கு முந்தியவன் அல்ல." நல்ல சாட்சிதான். ஆனால் அதற்கு மேல் அதன் வாயில் வார்த்தையைத் திணிக்கக் கூடாது.

ஏன் என்றால், நம்பர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டன. வரிசையாக டிரம்மில் மாட்டப்படவில்லை. பேட்ஜ்கள் மொத்தமாக ஒரு பெட்டியில் கிடக்கும். தொழிலாளி கைக்கு வந்ததை எடுத்து மாட்டுவார். பெட்டியின் அடியில் கிடந்த பேட்ஜ் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். மேலே புதிதாகக் கொட்டியது முதலில் போய்விடும். நம் வீட்டு அரிசிப் பானையில் நடப்பதேதான். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய செட்டில்கூட மூன்று டிரம்மின் நம்பர்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். எந்த நம்பர் எந்தத் தேதியில் வெளியே போனது என்ற பதிவேடு அந்தக் கம்பெனியிடமே இல்லை.

அப்படியானால் அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. அந்தக் காலத்து லுட்விக் டிரம்கள் பலவற்றின் உட்புறத்தில் சிவப்பு மையில் தேதி முத்திரை குத்தியிருப்பார்கள். ரசிகர்கள் பல வருஷம் உழைத்து, உள்ளே முத்திரை தெரிகிற டிரம்களை எல்லாம் தேடி, "இந்தத் தேதி உள்ள டிரம்மில் இந்த நம்பர்" என்று குறித்து வைத்தார்கள். அதைத் தொகுத்ததுதான் அட்டவணை. அவர்கள் உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் கவனியுங்கள். அட்டவணை பிறந்ததே உள்ளே இருக்கும் முத்திரையிலிருந்து. தாய் உள்ளே உயிரோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளை ஒரு வார்த்தை கேட்காமல், வெளியே நிற்கும் பிள்ளையிடம் அவள் வயதைக் கேட்கிறீர்கள். இது என்ன ஆராய்ச்சி?

இதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். உங்கள் தாத்தா பாட்டியின் பிறந்த தேதியை ஆதார் அட்டையில் பாருங்கள். எத்தனை பேருக்கு மே மாதம், ஜூன் மாதம் என்று இருக்கிறது! அந்தக் காலத்தில் குழந்தைகள் எல்லாம் கோடை விடுமுறையைப் பார்த்தா பிறந்தார்கள்? பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலம் அது. பையனைப் பள்ளிக்கு இழுத்து வருவார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. தலைமையாசிரியர் ஜூன் மாதத்துக்கு ஐந்து வயது நிரம்புகிற மாதிரி ஒரு தேதியைப் போட்டு, பதிவேட்டில் எழுதிவிடுவார். பிறகு அந்தத் தேதிதான் மாற்றுச் சான்றிதழ், வேலை, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும். முத்திரை உண்டு, கையெழுத்து உண்டு, எண் உண்டு. பிறந்தநாள் மட்டும் அது கிடையாது.

அதே வீட்டில் அம்மாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். "தனுஷ்கோடியில் புயல் அடிச்சப்ப இவன் வயித்துல இருந்தான்." அவளிடம் தேதி இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் உண்மை இருக்கிறது. புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 இரவு. அதற்கு முன் இவன் பிறந்திருக்க முடியாது. அடுத்த ஒன்பது பத்து மாதத்துக்குள் பிறந்தாக வேண்டும். பதிவேடு தேதியைச் சொன்னது, பொய் சொன்னது. அம்மா தேதியைச் சொல்லவில்லை, உண்மை சொன்னாள். டிரம்மின் வயதைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். "இதற்கு முன் இல்லை", "இதற்குப் பின் இல்லை" என்ற இரண்டு வேலிகளைப் போடுவதுதான் வேலை. வேலிக்குள் இருக்கும் இடம்தான் விடை. அது பெரும்பாலும் ஒற்றை வருஷமாக இருக்காது.

வேலி போட என்னென்ன சாட்சி இருக்கிறது என்று லுட்விக்கை வைத்தே சொல்கிறேன்.

ஒன்று, பேட்ஜில் இருக்கும் பெயர். வில்லியம் எஃப். லுட்விக்கும் அவர் தம்பி தியோபால்டும் சிகாகோவில் 1909இல் தொடங்கிய கம்பெனி இது. 1930ஐ ஒட்டி அது கான் என்ற பெரிய கம்பெனியின் கைக்குப் போனது. தயாரிப்பு இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகருக்குப் போனது. லுட்விக் வெளியே வந்து 1937இல் புதுக் கம்பெனி ஆரம்பித்தபோது தன் சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. பெயரை விற்றாகிவிட்டதே! அதனால் முதலெழுத்துகளை மட்டும் வைத்து 'டபிள்யூ.எஃப்.எல்.' என்று பேட்ஜ் போட்டார். 1955இல்தான் தன் பெயரைத் திரும்ப விலைக்கு வாங்கினார். எனவே அந்த மூன்றெழுத்துப் பேட்ஜ் உள்ள டிரம் 1937க்கு முந்தியதாக இருக்க முடியாது. "1945இல் சிகாகோவில் செய்த லுட்விக்" என்று யாராவது காட்டினால், பேட்ஜில் என்ன பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இரண்டு, பேட்ஜின் வடிவமும் நிறமும். கீஸ்டோன் பேட்ஜ் 1969, 1970 வாக்கில் விடைபெற்றது. பிறகு நீலமும் ஆலிவ் பச்சையும் கலந்த பேட்ஜ் வந்தது. ஆனால் பேட்ஜ் என்பது கழற்றி மாட்டக் கூடிய சின்னத் தகடு. புதிதாக அச்சடித்த நகல் பேட்ஜ்களே விலைக்குக் கிடைக்கின்றன. தனியாகப் பேட்ஜை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

மூன்று, மரக்கூட்டின் உட்புறம். டிரம்மின் உடலான அந்தக் கூட்டை ஷெல் என்பார்கள். 1960களில் பெரும்பகுதி, லுட்விக் ஷெல்லின் உள்ளே புள்ளிபுள்ளியாகக் கருங்கல் மாதிரி தெரியும் சாம்பல் நிறப் பூச்சு இருந்தது. 1968 வாக்கில் அதை விட்டுவிட்டு, மரம் தெரிகிற மாதிரி நிறமில்லாத பூச்சு கொடுத்தார்கள். அப்போதும் ஷெல் மூன்று அடுக்குதான். இரண்டு விளிம்பிலும் வலுவுக்காக ஒரு மர வளையம் இருக்கும். 1976 வாக்கில் ஆறு அடுக்குக்கு மாறினார்கள், வளையம் போய்விட்டது. இதை மாற்றி ஏமாற்றுவது சுலபம் இல்லை. பேட்ஜைவிட நான் நூறு மடங்கு மதிக்கும் சாட்சி இது.

நான்கு, சிவப்பு மை முத்திரை. எல்லா டிரம்மிலும் இருக்காது, இருந்தாலும் சிலவற்றில் மங்கியிருக்கும். இருந்தால் அது பொக்கிஷம். ஆனால் அதையும் அளவோடுதான் நம்ப வேண்டும். அது ஷெல்லில் குத்திய தேதி. மேல் உறை ஒட்டி, உலோகங்கள் பூட்டி, கடைக்குப் போனது அதற்குப் பிறகு. எனவே முத்திரை சொல்வது "இதற்கு முன் இல்லை" என்பதைத்தான்.

ஐந்து, உலோகப் பாகங்கள். தோலை இழுத்துப் பிடிக்கும் லக்குகள், கால்கள், பிடிகள் எல்லாம் திருகாணியில் நிற்பவை. ஐம்பது வருஷத்தில் யார் எதை மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் சில சமயம் அவை பேசும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு இசைக்கருவிகளில் உலோகத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு வைத்தது. அதனால் லக்கைக்கூட மரத்தில் செய்தார்கள். மர லக்கோடு ஒரு பழைய அமெரிக்க டிரம்மைப் பார்த்தால் போர்க் காலமா என்று விசாரிக்கலாம்.

ஆறாவதாக எல்லோரும் முதலில் தொட்டுப் பார்ப்பது தோல். அது சாட்சியே இல்லை. மிருதங்கத்துக்கு மூட்டு மாற்றிக்கொண்டே இருப்பார்கள், கட்டை அப்படியே இருக்கும் அல்லவா? அதே கதைதான் இங்கும். 1950களின் கடைசியில் பிளாஸ்டிக் தோல் பரவிய பிறகு, அதற்கு முந்தைய டிரம்களிலும் கன்றுத் தோலை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கைப் போட்டுவிட்டார்கள்.

இது லுட்விக்குக்கு மட்டும் பொருந்துகிற விஷயம் அல்ல. ஸ்லிங்கர்லேண்ட் என்ற கம்பெனி 1960 வாக்கில் சிகாகோவிலிருந்து பக்கத்து ஊரான நைல்ஸுக்குப் போனது. பேட்ஜில் நைல்ஸ் என்று இருந்தால் அதை 1950களில் கொண்டுபோய் நிறுத்த முடியாது. கிரெட்ச் கம்பெனியின் வட்டப் பேட்ஜ் 1970களின் தொடக்கத்தில் எண்கோண வடிவத்துக்கு மாறியது. ஒவ்வொரு கம்பெனிக்கும் இப்படி வேலிகள் உண்டு. படித்தால் தெரிந்துகொள்ளலாம். படிக்கத்தான் வேண்டும்.

இப்போது என் மாணவனின் செட்டுக்கு வருகிறேன். அவன் நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று டிரம்மின் தோலையும் கழற்றிவிட்டு, உள்ளே விளக்கு அடித்துப் படம் எடுத்து அனுப்பினான்.

சின்ன டாம். விற்றவர் அட்டவணையில் வைத்து 1964 என்று காட்டியது இதன் நம்பரைத்தான். உள்ளே சாம்பல் பூச்சு. அதன்மேல் மங்கிய சிவப்பு மை. மாதமும் வருஷமும் தெளிவாகத் தெரிகின்றன: 1965 அக்டோபர். ஆக, அட்டவணை 1964 என்று சொன்ன டிரம்மின் ஷெல்லே 1965இன் கடைசியில்தான் பிறந்திருக்கிறது.

தரையில் நிற்கும் பெரிய டாம். சாம்பல் பூச்சு, நம்பர் உள்ள கீஸ்டோன் பேட்ஜ், முத்திரை இல்லை. 1963 கடைசியிலிருந்து 1968 வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். 1964ஆகவும் இருக்கலாம். "இருக்கலாம்" என்பதற்கு ஆயிரத்து ஐந்நூறு டாலரா?

பேஸ் டிரம். உள்ளே பூச்சு நிறமே இல்லை, மரம் பளிச்சென்று தெரிகிறது. வெளியே கீஸ்டோன் பேட்ஜ். அப்படியானால் 1968க்கு முன்னால் போகாது, 1970க்குப் பின்னால் வராது. மேல் உறையின் நிறமும் மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் ஒரு சாயல் வேறு. "வெயிலில் வெளுத்திருக்கும்" என்று விற்றவர் சொன்னாராம்.

ஆக, மூன்று டிரம்மும் ஒரு வயிற்றில் பிறந்தவை அல்ல. வெவ்வேறு வருஷத்து டிரம்களை யாரோ நடுவில் சேர்த்து ஒரே குடும்பமாக உட்கார வைத்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை, வாசிக்க அருமையாக இருக்கும். ஆனால் மூன்றில் ஒன்றைக்கூட 1964 என்று நிரூபிக்க முடியாத செட்டை 1964 என்று சொல்லி விற்றது தப்பு. தெரிந்து செய்திருந்தால் மோசடி. தெரியாமல் செய்திருந்தால், தெரியாத ஒன்றுக்கு விலை வாங்கியது அதைவிடப் பெரிய அவமானம்.

இனி எதிர்வாதங்களுக்குப் பதில்.

"நல்லா சத்தம் வந்தா போதும் மாமா, வயசு எதுக்கு?" என்று என் தங்கை மகள் கேட்டாள். சரியான பேச்சு. சத்தத்துக்காக வாங்குகிறவர் சத்தத்துக்கு விலை கொடுக்கட்டும். வயதைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். ஆனால் வயதைச் சொல்லி விலை ஏற்றிவிட்டு, ஆதாரம் கேட்டதும் "சத்தம்தானே முக்கியம்" என்று பேச்சை மாற்றுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"ஒன்றுமே இல்லாததற்கு அட்டவணை மேல் அல்லவா?" என்று இன்னொரு மாணவர் கேட்டார். உள்ளே முத்திரை இல்லை, பூச்சும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அட்டவணையைப் பார்க்கலாம். அப்போது எழுத வேண்டியது "1960களின் நடுப்பகுதியாக இருக்கலாம்" என்று. அட்டவணையைத் தொகுத்தவர்களே அது தோராயம்தான் என்கிறார்கள். அந்த எச்சரிக்கையை மட்டும் வெட்டிவிட்டு எண்ணைக் காட்டுகிறவர்கள் விற்பவர்கள்தான்.

"மரத்தைக் கார்பன் சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடுமே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தச் சோதனை மரம் எப்போது வளர்ந்தது என்பதைப் பற்றியது. டிரம் எப்போது செய்யப்பட்டது என்பதைப் பற்றியது அல்ல. நூறு வருஷத்து மரத்தை அறுத்து நேற்று டிரம் செய்யலாம்.

கடைசியாக, எனக்கு மிகவும் வருத்தம் தரும் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏமாற்றி விற்கிறவரைவிடப் பெரிய கேடு இவர்களால் நடக்கிறது. "புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம்" என்று பழைய டிரம்மை வாங்கி, உட்புறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள். சாம்பல் பூச்சு போயிற்று. சிவப்பு மை போயிற்று. ஐம்பது, அறுபது வருஷம் உள்ளே பத்திரமாக இருந்த ஒரே சாட்சியை அரைமணி நேரத்தில் கொன்றுவிடுகிறார்கள். ஏமாற்றியவனிடம் பணம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். தேய்த்துப் போன தேதியை உலகத்தில் எந்தக் கொம்பனாலும் திரும்ப எழுத முடியாது. இந்த வேலைக்குப் பெயர் புதுப்பிப்பு அல்ல, அழிப்பு. யாராவது அதைப் பெருமையாகப் படம் போட்டால் லைக் போடாதீர்கள்.

நம் வீட்டிலும் இந்தப் புத்தி உண்டு. பாட்டன் காலத்துப் பெட்டியைப் பெயிண்ட் அடித்து, அடியில் இருந்த பெயரையும் வருஷத்தையும் மறைத்துவிட்டு, "இது நூறு வருஷப் பெட்டி" என்று வருகிறவர்களிடம் சொல்வோம். ஆதாரத்தை நாமே அழித்துவிட்டு எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவோம். பழமையை மதிக்கிறோம் என்று சொல்கிறவர்கள் முதலில் அதன் அழுக்கை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சில சமயம் உண்மை அந்த அழுக்கில்தான் எழுதியிருக்கும்.

வெளிநாட்டில் இருக்கிற மாணவர்களில் யாராவது பழைய டிரம் வாங்கப் போனால், இந்த வாத்தியாருக்காக நாலு காரியம் செய்யுங்கள்.

தோலைக் கழற்றி உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு டிரம்மையும் தனித்தனியாக. "தோலைக் கழற்றினால் சுருதி போய்விடும்" என்பார்கள். கழற்றி மாட்டிச் சுருதி சேர்ப்பது தெரியாதவர் டிரம் விற்கக் கூடாது.

குறைந்தது மூன்று சாட்சிகளை ஒப்பிடுங்கள். பேட்ஜ், உட்பூச்சு, முத்திரை. மூன்றும் ஒத்துப்போனால் நம்புங்கள். ஒன்று முரண்பட்டால் எதைச் சுலபமாக மாற்றியிருக்க முடியுமோ அதைச் சந்தேகப்படுங்கள்.

ரசீதில் ஒற்றை வருஷம் எழுதினால், "எதை வைத்து?" என்று அதற்குப் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே வருஷத்தை அடித்துவிடுவார்கள்.

வாங்கிய பிறகு உள்ளே துணியால்கூட அழுத்தித் துடைக்காதீர்கள். படம் எடுத்து வைத்துவிட்டு மூடிவிடுங்கள்.

நான் வகுப்பில் அடிக்கடி சொன்ன பழமொழி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்காக எழுதிவிட்டு மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கணக்குப் பாடத்தில் விடை மட்டும் எழுதி வழிமுறை எழுதாதவனுக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. 1964 என்பது விடை. வழிமுறை எங்கே?

என் மாணவன் தன் பதிவைத் திருத்திவிட்டான். "லுட்விக். சின்ன டாம் 1965 கடைசிக்குப் பிறகு, பெரிய டாம் 1963 கடைசியிலிருந்து 1968க்குள், பேஸ் டிரம் 1968 முதல் 1970க்குள்" என்று எழுதியிருக்கிறான். முதலில் முந்நூறு லைக் விழுந்த அதே படத்துக்கு இப்போது நாற்பதுகூட இல்லை. எனக்கு அந்த நாற்பது பேரைத்தான் பிடித்திருக்கிறது. விற்றவரிடம் பணத்தைக் கேட்டு எழுதியிருக்கிறான், இன்னும் பதில் இல்லை. பதில் வராவிட்டாலும் அந்தத் திருத்தத்தை நீக்காதே என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அவன் விற்க நேர்ந்தால், வாங்குகிறவரிடம் அவன் அதே பொய்யைக் கைமாற்றிவிட மாட்டான். ஒரு பொய் அவன் வீட்டோடு நின்றுபோகும்.

சந்தேகம் இருப்பவர்கள் படம் அனுப்பலாம். முன்பக்கப் படம் வேண்டாம், எல்லாம் அழகாகத்தான் இருக்கும். உள்பக்கத்தை எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்